கோப்பை வந்தது... அணி எங்கே? வீரர்களை விற்று வளரும் கால்பந்துக் கணக்கு

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி ஜெயித்தால் கோப்பை. தடுமாறினால், நூறு வருடப் பழைமையை நெருங்கிக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். எதிரே நின்றது முந்தைய வருடச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியத்தில் சத்தம் அடங்கியது.

இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு கௌரவ் போரா இரண்டு கோல்கள். 3-1. புள்ளிப் பட்டியலில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி! தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டத்தை வென்றது அதுதான் முதல் முறை.

இரண்டு வருடம் கழித்து, 2021-22 ஐ-லீக் பட்டியலை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. சென்னை சிட்டி என்ற பெயரே அதில் இல்லை.

அணியின் வீரர்கள் ஒன்றும் காணாமல்போகவில்லை. பெங்களூரு, ஒடிசா, சென்னையின் எஃப்.சி என்று பெரிய அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோ மான்சி ஜப்பானுக்கே போய்விட்டார். ஆட்கள் எல்லாம் நல்ல இடத்துக்குப் போனார்கள், அவர்களை அனுப்பிய வீடு மட்டும் இருண்டுவிட்டது.

‘வீரர்களை விட்டுக்கொடுத்தால் அணி இப்படித்தான் அழியும்’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால், உலகத்தில் வீரர்களை விற்று விற்றே வளர்ந்த அணிகள் ஏராளம். அதில் ஒரு கில்லாடி அணி, இதே சென்னை சிட்டியில் பங்கு வாங்கியிருந்தது என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை!

ஏலம் வேறு, விற்பனை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் ‘வீரரை வாங்குவது’ என்றால் உடனே நினைவுக்கு வருவது ஐ.பி.எல் ஏலம். 2024 நவம்பரில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த 27 கோடி யாருக்கு? பந்த்துக்கு. அது அவருடைய ஒரு சீஸன் சம்பளம். அவர் முன்பு ஆடிய டெல்லி அணிக்கு அந்த ஏலத் தொகையில் பத்துப் பைசா போகாது. புரோ கபடி ஏலமும் அப்படித்தான்.

கால்பந்தில் கதையே வேறு. ஒரு வீரர் ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருக்கிறார், மூன்று வருடம் பாக்கி இருக்கிறது என்று வையுங்கள். அவரை வேறு அணி கூட்டிப்போக வேண்டுமானால், அந்த மூன்று வருடத்தை இப்போதைய அணியிடமிருந்து ‘விலைக்கு வாங்க’ வேண்டும். அதுதான் டிரான்ஸ்ஃபர் தொகை. அது அணிக்குப் போகும். வீரரின் சம்பளம் அது போக, தனி.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால்? வீரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகலாம், பழைய அணிக்கு ஒன்றும் கிடைக்காது. 1995-ல் ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியம் வீரர் ஐரோப்பிய நீதிமன்றத்தில் போராடி வாங்கிய தீர்ப்பு இது. அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அணிகள் வீரரைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்டன. கொத்தடிமை போல! தீர்ப்புக்குப் பிறகு அணிகளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. கையில் நல்ல வீரர் இருந்தால் மட்டும் போதாது, அவரோடு நீண்ட ஒப்பந்தமும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாத வீரர், பட்டா இல்லாத நிலம் மாதிரி. விளைச்சல் நன்றாக இருக்கும், விற்கத்தான் முடியாது.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை சிட்டி கதைக்குத் திரும்பும்போது இது தேவைப்படும்.

இரண்டு கோல், ஒரு விமான டிக்கெட்

சுவிட்சர்லாந்தில் பாசெல் என்று ஒரு நகரம். மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடாது. நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர மாவட்டத் தலைநகர் அளவுதான். அந்த ஊரின் கால்பந்து அணி எஃப்.சி பாசெல், 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் லீக் சாம்பியன். இத்தனைக்கும் அந்தக் காலம் முழுக்கத் தன் சிறந்த வீரர்களை ஒவ்வொருவராக விற்றுக்கொண்டே இருந்தது.

எப்படி முடிந்தது? ஒரு உதாரணம் போதும்.

2012 பிப்ரவரி. பாசெல் அணியின் செல்லப்பிள்ளை ஷெர்தான் ஷகிரியை ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் வாங்குகிறது, கோடையில் கிளம்பிவிடுவார் என்று அறிவிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்த அணியிலேயே வளர்ந்த பையன். ரசிகர்களுக்கு வருத்தம். நிர்வாகமோ அப்போதே அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்திருந்தது.

அதே பிப்ரவரியில் எகிப்தில் ஒரு கொடுமை நடந்தது. போர்ட் சயீத் ஸ்டேடியத்தில் வெடித்த கலவரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட ரசிகர்கள் இறந்தார்கள். எகிப்து லீக் நிறுத்தப்பட்டது. ஆட்டமில்லாமல் தவித்த அந்த நாட்டு இளைஞர் அணியோடு பாசெல் மார்ச் மாதம் ஒரு நட்புப் போட்டி ஏற்பாடு செய்தது. அதில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு கோல் அடித்தான். பாசெல்காரர்கள் அவனைச் சில நாள் அங்கேயே தங்கவைத்துப் பயிற்சியில் பார்த்தார்கள். ஏப்ரலில் நான்கு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது.

பையன் பெயர் முகமது சாலா.

எகிப்தின் அல் மொகாவ்லூன் அணிக்குப் பாசெல் கொடுத்தது சுமார் 25 லட்சம் யூரோ என்று செய்திகள் வந்தன. 2013-ல் சாம்பியன்ஸ் லீக்கில் செல்சியை பாசெல் இரண்டு முறை தோற்கடித்தது. இரண்டு ஆட்டத்திலும் சாலா கோல் போட்டார். அடித்தவனையே வாங்கிவிடலாம் என்று செல்சி முடிவு செய்ததோ என்னவோ, 2014 ஜனவரியில் சுமார் 1.1 கோடி பவுண்டு கொடுத்து அவரைக் கூட்டிப்போனது. ஒன்றே முக்கால் வருடத்தில் போட்டது ஐந்து மடங்காகத் திரும்பியது. இடையில் கிடைத்த லீக் கோப்பையும் சாம்பியன்ஸ் லீக் வருமானமும் தனி.

சாலா கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே, அதே எகிப்து அணியிலிருந்து முகமது எல்னெனி பாசெலுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவரை 2016-ல் ஆர்சனல் வாங்கியது. இன்னொரு பக்கம் இவான் ராகிடிச், கிரானிட் ஷாக்கா, பிரீல் எம்போலோ என்று சொந்தப் பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்குப் போனார்கள். வந்த பணம் எங்கே போனது? சிறுவர் பயிற்சிக்கு, அடுத்த ஒப்பந்தங்களுக்கு, வெளிநாட்டில் ஆள் தேடும் வேலைக்கு.

மணவூர், திருவாலங்காடு பக்கம் நெல் போடும் எந்தப் பெரியவரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். ‘இதில் என்னப்பா அதிசயம்?’ என்பார். விளைந்ததை விற்கத்தான் வேண்டும், விற்காமல் வைத்திருந்தால் வண்டு தின்னும். ஆனால், குதிரில் விதைநெல்லை எடுத்துவைத்த பிறகுதான் மூட்டை வண்டி ஏறும். பாசெல் ஆளை விற்கும்போது அடுத்த ஆள் ஏற்கெனவே வந்திருந்தார். வந்திருக்காவிட்டால், வரப்போகிறவரின் பெயராவது கையில் இருந்தது.

இன்றைக்கு இந்த வித்தையில் பெரிய பெயர் இங்கிலாந்தின் பிரைட்டன் அணிக்கு. 2021-ல் ஈக்வடார் நாட்டிலிருந்து மொய்சஸ் கைசெடோ என்ற பையனைச் சில பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். 2023 ஆகஸ்ட்டில் செல்சிக்கு விற்றபோது விலை, நிபந்தனைத் தொகைகளையும் சேர்த்து, 11.5 கோடி பவுண்டு வரை போகும் என்று செய்தி. 1997-ல் சொந்த மைதானத்தை இழந்து, வேறு ஊரில் போய் ஆடிக்கொண்டிருந்த அணி அது!

பாசெல் நம் ஊருக்கு வந்தது

இப்போது சென்னை சிட்டிக்கு வருவோம். 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய, சென்னை லீக்கில் ஆடிவந்த பழைய அணி இது. 2017-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. உரிமையாளர் ரோஹித் ரமேஷ். ஐ.எஸ்.எல் அணிகளைப் போலக் கோடிகளைக் கொட்டும் வசதி கிடையாது. ஆகவே, மூளையைச் செலவழித்தார்கள்.

2018-19 சீஸனுக்கு சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிய நான்கு பேரைப் பிடித்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. அங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாதவர்கள். இங்கே வந்து தரையிலேயே பந்தைத் தட்டித் தட்டி எதிரணிகளைத் திணறடித்தார்கள். மான்சி மட்டும் 21 கோல். இவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார் போன்ற நம் ஊர்ப் பையன்கள். மலிவாக வாங்கி மதிப்பாக்கும் பாடத்தின் முதல் பாதியைச் சென்னை சிட்டி நூற்றுக்கு நூறாகவே எழுதியது.

அந்த சீஸன் நடந்துகொண்டிருக்கும்போதே, 2019 தொடக்கத்தில், எஃப்.சி பாசெல் சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. ஆள் வளர்க்கத் தெரிந்த அணி, ஆட்கள் நிறைய உள்ள நாட்டுக்கு வருகிறது. இதைவிடப் பொருத்தமான கூட்டணி ஏது என்றுதான் அப்போது எல்லோருக்கும் தோன்றியது. மார்ச்சில் கோப்பையும் கிடைத்தது.

ஆனால், கோப்பைக்குப் பிறகு?

கோர்டியோ சென்னை சிட்டியோடு ஒப்பந்தத்தில் இருக்கும்போதே வேறு அணியோடு கையெழுத்துப் போட்டார். விவகாரம் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பஞ்சாயத்துக்குப் போய், அவருக்கு நான்கு மாதத் தடை கிடைத்தது. தடை முடிந்ததும் ஹைதராபாத் எஃப்.சி-க்கு ஆடினார். எட்வின் சிட்னி 2019-லேயே சென்னையின் எஃப்.சி-க்குப் போனார். 2020 ஜனவரியில், சீஸன் நடுவே, மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குக் கிளம்பினார். அதே மாதம்தான் சென்னை சிட்டி ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றது. பிறகு கொரோனா. அந்த வருடமே அஜித் குமார் பெங்களூருவுக்கும், கோப்பைக் கோல்களை அடித்த கௌரவ் போரா ஒடிசாவுக்கும் போனார்கள்.

இவர்களுக்கு முன்னாலும் ஒரு வரிசை உண்டு. 2017-ல் சென்னை சிட்டிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் அதே வருடம் டெல்லி அணிக்குப் போனார். கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கு. ஐந்தாறு வருடத்தில் ஒரு சிறிய அணி இத்தனை பேரை இந்தியாவின் பெரிய மேடைக்கு ஏற்றியிருக்கிறது என்றால், அது சாதாரணமல்ல. ஆள் கண்டுபிடிக்கும் கண் அங்கே இருந்தது.

எங்கே இடித்தது?

குற்றத்தைத் தூக்கி ஓர் ஆள் தலையில் வைப்பது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஏனென்றால் இது சென்னை சிட்டிக்கு மட்டும் நடந்ததல்ல.

2017 ஐ-லீக் சாம்பியன், மிசோரம் மலையிலிருந்து வந்த ஐஸ்வால் எஃப்.சி. நாடே வியந்தது. அடுத்த சீஸனுக்குள் பயிற்சியாளர் காலித் ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார், முக்கியமான வீரர்களும் கலைந்துவிட்டார்கள். 2018-ல் மினர்வா பஞ்சாப். 2019-ல் சென்னை சிட்டி. மூன்று வருடம் தொடர்ந்து மூன்று சிறிய அணிகள் கோப்பையைத் தூக்கின. மூன்றும் அதே அணியாக மறுபடி எழ முடியவில்லை.

முதல் காரணம், மேலே ஏற ஏணி இல்லை. அந்த வருடங்களில் ஐ-லீக்கை வென்றாலும் ஐ.எஸ்.எல்-லுக்குப் பதவி உயர்வு கிடையாது. 2023-ல்தான் அந்தக் கதவு திறந்து பஞ்சாப் அணி மேலே போனது. சாம்பியன் ஆனபின் அடுத்து என்ன என்று வீரர் கேட்டால், சொல்ல அணியிடம் பதில் இல்லை. ஐ.எஸ்.எல் அணி அதைவிட அதிகச் சம்பளத்தோடு கூப்பிடுகிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் போகாமல் என்ன செய்வான்? போகத்தான் வேண்டும். அவன் காலுக்கு உத்தரவாதம் பத்து வருடம்தான்.

இரண்டாவது, முன்பு சொன்ன பட்டா விவகாரம். நம் நாட்டில் சிறிய அணிகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வருடம். ஐந்து வருடம் எழுதினால் ஐந்து வருடமும் சம்பளம் தர வேண்டுமே என்ற பயம். அதனால் வீரருக்கு நல்ல பெயர் வரும் நேரத்தில் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும். பெரிய அணி சில மாதம் பொறுத்தால் போதும், காசில்லாமல் கூட்டிப்போகலாம். பாசெல் சாலாவுக்கு நான்கு வருடம் எழுதியது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சென்னை சிட்டியின் பலம் ஆள் பிடிப்பதில் இருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த நால்வரும் அனுபவசாலிகள். மான்சி அப்போதே முப்பதைத் தொட்டவர். அவர்களால் கோப்பை வெல்ல முடியும், ஆனால் அடுத்த ஐந்து வருடத்துக்கு விற்பனைக்கு உரிய சரக்கு அவர்கள் அல்ல. அதற்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் வரிசையாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் பணமும் வேண்டும். ஒரு கோப்பை, ஒரு கொரோனா, இரண்டு சீஸன். அதற்குள் எதுவும் முளைத்துவிடாது.

மினர்வா கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதன் உரிமையாளர் ரஞ்சித் பஜாஜ் 2020-ல் ஐ-லீக் அணியை ரவுண்ட்கிளாஸ் நிறுவனத்திடம் விற்றுவிட்டார். கோப்பை வென்ற அணியையே கொடுத்தவர், ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை: சிறுவர் பயிற்சிப் பள்ளியை. மினர்வா அகாடமி இன்றும் இயங்குகிறது. ஸ்வீடனில் நடக்கும் கோத்தியா கோப்பையை அதன் சிறுவர்கள் 2023-லும் 2025-லும் வென்று வந்தார்கள். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலை, 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கொலம்பியாவுக்கு எதிராக அடித்த ஜீக்சன் சிங், மினர்வாவில் வளர்ந்தவர். கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து 2024-ல் ஈஸ்ட் பெங்கால் அவரை வாங்கியபோது, தொகை 3 கோடி ரூபாய்க்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. இந்தியச் சந்தைக்கு அது பெரிய தொகை.

மூட்டையை விற்றார், குதிரைத் தொடவில்லை!

வித்தை தெரிந்தவருக்கும் சறுக்கும்

பாசெலும் ஒன்றும் தெய்வம் அல்ல. 2017-ல் அதன் நிர்வாகம் கை மாறியது. அடுத்த வருடமே பட்டம் பெர்ன் நகரத்து யங் பாய்ஸ் அணிக்குப் போய்விட்டது. விற்பது தொடர்ந்தது, ஆனால் பழைய கண் இல்லை. ‘சொந்த வீடு ஒழுகும்போது இந்தியாவில் எதற்குப் பங்கு?’ என்று பாசெல் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு நமக்கு வலிக்கலாம், ஆனால் அவர்கள் நியாயம் அவர்களுக்கு. 2021-ல் மறுபடி நிர்வாகம் மாறியது. 2023-24 சீஸனில் எட்டாவது இடம். எட்டு முறை தொடர்ந்து சாம்பியன் ஆன அணிக்கு எட்டாவது இடம்!

அந்தக் கோடையில், பன்னிரண்டு வருடம் முன்பு விற்ற ஷகிரி ஊருக்குத் திரும்பினார். முப்பத்திரண்டு வயது. ‘ஓய்வெடுக்க வந்திருக்கிறார்’ என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2024-25 சீஸனில் பாசெல் மறுபடி லீக் சாம்பியன். கூடவே சுவிஸ் கோப்பையும். ஷகிரிதான் அணியின் உயிர். விற்ற பிள்ளை திரும்பி வந்தார் என்றால், வருவதற்கு வீடு இருந்தது என்று பொருள். சூசைராஜோ நந்தகுமாரோ கடைசிக் காலத்தில் தங்கள் பழைய அணிக்கு ஆட நினைத்தால் எங்கே போவார்கள்?

அந்தக் காலத்தில் விலை என்ன தெரியுமா?

வயதான வாசகர்கள் சிரிப்பார்கள். ‘எங்கள் காலத்தில் ஏது டிரான்ஸ்ஃபர் தொகை? ஒரே விலைதான்: அரசாங்க உத்தியோகம்!’

உண்மைதான். ஐ.சி.எஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ். சென்னை லீக்கின் பெரிய பெயர்கள் எல்லாம் அலுவலக அணிகள். நன்றாக ஆடும் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. வட சென்னையிலும் ரயில்வே ஊர்களிலும் கால்பந்து வேர்பிடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பையன் பந்து உதைப்பதை அம்மா தடுக்காததற்குக் காரணமும் இதுவே. ஓய்வூதியம் வரைக்கும் பயம் இல்லை.

அந்த ஏற்பாட்டில் குடும்பம் பிழைத்தது. ஆனால் அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதில் ‘இடது காலையும் பழக்குடா’ என்று கற்றுக்கொடுத்த தெரு கிளப்புக்கு, பள்ளி வாத்தியாருக்கு ஒன்றும் திரும்பவில்லை. வியாசர்பாடி போன்ற இடங்களில் இன்றும் அவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் நடத்துகிறார்கள். நல்ல மனிதர்கள் இருக்கும்வரை நடக்கும்.

மணவூரிலிருந்து ரயில் ஏறும் பையனுக்கு

இதை மாற்றத்தான் ஃபிஃபா ஒரு விதி வைத்திருக்கிறது. நம் பெற்றோரும் உள்ளூர்ப் பயிற்சியாளர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, தொகையில் 5 சதவிகிதம் அவரைச் சிறு வயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை, வருடத்துக்கு 0.25 சதவிகிதம். 16 முதல் 23 வரை, வருடத்துக்கு 0.5 சதவிகிதம். கூட்டினால் சரியாக ஐந்து. பையன் 10 கோடி ரூபாய்க்குப் போகிறான் என்றால், 12 வயதிலிருந்து 15 வரை நான்கு வருடம் வளர்த்த கிளப்புக்கு 10 லட்சம். அடுத்த முறை விற்றாலும் கிடைக்கும், அதற்கடுத்த முறையும் கிடைக்கும். சாலா செல்சிக்குப் போனபோதும், பிறகு ரோமாவிலிருந்து லிவர்பூலுக்குப் போனபோதும் விதிப்படி அல் மொகாவ்லூனுக்கு ஒரு பங்கு உண்டு. நாக்ரிக் என்ற கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து கெய்ரோவுக்குப் பயிற்சிக்கு வந்த பையனை அவர்கள் விடாமல் வைத்திருந்ததற்கான பங்கு.

மணவூரிலிருந்து அரக்கோணம் லைனில் ஏறி, சென்னைக்குப் பயிற்சிக்குப் போய்வர நினைக்கும் பையனுக்கும் ஏறக்குறைய அதே அலைச்சல்தான். கூட்டத்தில் கிட் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடத்தை ரயிலிலேயே முடித்து, இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். அதற்குச் சீஸன் டிக்கெட், ஷூ, முட்டை, வாழைப்பழம் என்று வீட்டில் ஆகும் செலவை எந்த ஃபிஃபாவும் தராது. கிளப்புக்கு மட்டுமே தரும். அதுவும், அந்தக் கிளப் சங்கத்தில் முறையாகப் பதிவாகியிருந்தால், பையனின் பெயர் அந்தந்த வருடம் அந்தக் கிளப்பின் கீழ்ப் பதிவாகியிருந்தால் மட்டும். பதிவு இல்லை என்றால், பத்து வருடம் வளர்த்தாலும் காகிதத்தில் அந்தக் கிளப் இல்லை.

நம் கிராமத்து அணிகள் பல, பொங்கல் போட்டிக்கும் கோயில் திருவிழாப் போட்டிக்கும் மட்டும் உயிர்பெறுபவை. பெயர் இருக்கும், ஜெர்சி இருக்கும், பதிவு இருக்காது. மாவட்டக் கால்பந்து சங்கத்தில் கிளப்பைப் பதிவு செய்வதும், பையன்களை இந்தியக் கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவான சி.ஆர்.எஸ்-ஸில் ஏற்றுவதும் பெரிய வித்தை அல்ல. ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், கொஞ்சம் பொறுமை. வயதைக் குறைத்துக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். பின்னால் பிடிபட்டால் பையனின் வாழ்க்கையே போய்விடும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பெரிய அணி வந்து ஒப்பந்தத்தை நீட்டும்போது, சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எத்தனை வருடம், நடுவில் யார் விலகலாம், காயம் பட்டால் யார் செலவு, படிப்பு என்ன ஆகும் என்று வரி வரியாகக் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் அணியாக இருந்தால், அங்கே பையனை அனுப்பத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். அதேபோல, ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கும்போது இன்னொன்றில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு கோர்டியோ அனுபவித்த நான்கு மாதமே சாட்சி.

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். டூரண்ட் கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகின்றன. முந்தைய எட்டு மோதலிலும் ஈஸ்ட் பெங்காலுக்குத் தோல்விதான். அன்றைய ஒரே கோலை அடித்து அந்த வரிசையை முறித்தவர், சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் விடிய விடியக் கொண்டாடினார்கள். 2017-ல் அவரை ஐ-லீக் மைதானத்தில் முதலில் இறக்கிவிட்ட சென்னை சிட்டி, அந்த வருட ஐ-லீக்கிலும் இல்லை.